மேப் தெரியவில்லை என்பதற்காக மடிக்கணினியை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருந்தார். உயிர்தகவலியல் முதுநிலை படிக்கும் தம் மகளின் மடிக்கணினியில் புரதத்தின் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் (மேப்) தெரியவே மாட்டேன் என்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினி வாங்கினால்தான் வழி என்று கடைக்காரர் சொல்லிவிட்டார், அதற்காக நகையை அடகு வைக்கப் போகிறோம், இப்படிப்பட்ட மாணவர்களுக்கு அரசே உயர்ரக மடிக்கணினி தரக்கூடாதா என்று கேட்டிருந்தார். அரசு கொடுத்தால் நல்லதுதான். வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் அந்த அம்மாவின் நகை கடைக்குப் போவதற்குள் இந்தக் கடிதம் அச்சேற வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். படித்தது இயற்பியல். ஆய்வகச் சாவி, யுபிஎஸ், அறுந்துபோன மவுஸ் கேபிள் எல்லாம் என் பொறுப்பு. உயிர்தகவலியல் மாணவர்களின் செய்முறை வகுப்பு எங்கள் ஆய்வகத்தில்தான் நடக்கிறது. பாடம் நடத்துவது பேராசிரியர். திரையில் ஏதாவது வராமல் போனால் கூப்பிடுவது என்னை. ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு குழுவிலும், அதே குரல்: "மேடம், மேப் வரவில்லை." அந்தக் கணினிகள் எல்லாம் பழையவை. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு எதிலும் கிடையாது. அவற்றிலேயே மேப் வருகிறது.

முதலில் மேப் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், அந்தத் தந்தைக்காகவும்தான். புரதப் படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது புள்ளிப் புள்ளியாகச் சிதறி விழும். ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் கருவி பதிவு செய்யும். அலையின் கட்டத்தை (ஃபேஸ்) பதிவு செய்ய அதனால் முடியாது. கட்டத்தை வேறு வழிகளில் கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்து ஃபூரியே கணக்குப் போட்டால், படிகத்துக்குள் எந்த இடத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்பது எண்களாகக் கிடைக்கும். மேப் கோப்புக்குள் இருப்பது அந்த எண்கள் மட்டுமே. படம் எதுவும் அதில் கிடையாது. எந்த அளவில் காட்ட வேண்டும் என்று நாம் சொன்ன பிறகுதான் மென்பொருள் அந்த மதிப்புள்ள இடங்களையெல்லாம் இணைத்து நீல நிற வலையாகக் காட்டும்.

புரத வடிவங்களைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் மேப் கோப்பைத் திறந்ததும் மாணவர்கள் திகைப்பது இங்கேதான். வலப்பக்கப் பட்டியலில் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். திரையில் அதிகம் போனால் ஒரு பெட்டியின் விளிம்புக் கோடுகள் தெரியும். மென்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது, எண்களை வாசித்துவிட்டது. இனி 'ஐசோமெஷ்' என்ற கட்டளையைக் கொடுத்து, எந்த மேப், என்ன அளவு, எந்த அணுக்களைச் சுற்றி என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மறுபடி மறுபடி கோப்பைத் திறந்துகொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் ஒரே மேப் பல பெயர்களில் வரிசை கட்டி நிற்கும்.

பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் கோப்பின் வால் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் அவற்றை வழக்கமாக மறைத்து வைத்திருக்கும். பிரவுசர் சில சமயம் பின்னால் ஒரு 'டெக்ஸ்ட்' வாலை ஒட்டிவிடும், அல்லது கோப்பு சுருக்கப்பட்ட நிலையிலேயே இறங்கியிருக்கும். கோப்பின் வகையைப் பைமால் அந்த வாலைப் பார்த்தே முடிவு செய்கிறது. சுருக்கத்தைப் பிரித்து, பெயர் 'சிசிபி4' என்று முடியும்படி மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்தது அளவு. மேப்பில் இதைச் சிக்மாவில் சொல்வார்கள்; அதாவது சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் மேலே என்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரை புரண்டபோது மாடியில் நின்று பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் ஏற ஏற முதலில் வரப்பு மறையும், பிறகு வேலி, பிறகு வாழைத் தோப்பு. கடைசியில் தென்னந்தலைகளும் கோயில் கோபுரமும் மட்டும் மிஞ்சும். ஊர் எங்கேயும் போய்விடவில்லை, மட்டம்தான் ஏறியிருக்கிறது. சிக்மாவை 5-க்கு ஏற்றினால் ஹீமோகுளோபினில் இரும்பு அணு இருக்கும் இடம் போன்ற உச்சிகள்தான் நிற்கும். கார்பன் சங்கிலி மூழ்கிவிடும். 0.3-க்கு இறக்கினால் இரைச்சலும் சேர்ந்து திரை முழுக்க நீலக் கூளமாகிவிடும். வழக்கமான மேப்பை 1-லிருந்து 1.5 சிக்மாவுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். வேறுபாட்டு மேப் என்று ஒன்று உண்டு. மாதிரியில், அதாவது மேப்பைப் பார்த்து அணு அணுவாகக் கட்டிய வடிவத்தில், எது குறைகிறது, எது தேவையில்லாமல் இருக்கிறது என்று காட்டுவது. அதை 3 சிக்மாவில் பார்ப்பார்கள். அதற்குப் பச்சையில் கூட்டல் 3, சிவப்பில் கழித்தல் 3 என்று இரண்டு வலைகள் வேண்டும். பைமாலில் இரண்டையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும். மாணவர்களில் பாதிப் பேர் பச்சையை மட்டும் போட்டுவிட்டு, மாதிரியில் பிழையே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

புரதத்தை உறைய வைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த மேப் என்றால் கதை வேறு. அந்த மேப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் தரவகத்தில், ஒவ்வொன்றையும் எந்த அளவில் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்களே ஓர் எண்ணைப் பரிந்துரைத்திருப்பார்கள். அது 0.02 போன்ற சிறிய எண்ணாக இருக்கலாம். சிக்மா கணக்கு அல்ல. அதை அப்படியே பைமாலில் கொடுத்தால் செங்கல் போல ஒரு நீலக் கட்டி வந்து நிற்கும். காரணம், பைமால் மேப்பைத் திறக்கும்போதே எண்களையெல்லாம் சிக்மா கணக்குக்கு மாற்றிவிடுகிறது. அப்படி மாற்றும் அமைப்பை (செட்டிங்) நிறுத்திவிட்டு மேப்பைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு நிறுத்திப் பயனில்லை.

மவுஸ் சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நேரத்தை அதிகம் தின்பது அதுதான். கூட் என்ற இலவச மென்பொருளில் சக்கரத்தை உருட்டினால் சிக்மா ஏறி இறங்கும். பைமாலில் அதே சக்கரம் காட்சியின் தடிமனை வெட்டும். முன்னும் பின்னும் நறுக்கி நடுவில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் விடும். கைமிராஎக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் அதே சக்கரம் படத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். காலையில் கூட், மதியம் பைமால் என்று செய்முறை வகுப்பு இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மேப்பை நன்றாகப் பார்க்கலாம் என்று பைமாலில் சக்கரத்தை உருட்டுவார்கள். புரதமும் வலையும் சேர்ந்து மறைந்துபோகும். கணினி கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிடுவார்கள். இவற்றை உருவாக்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

மேப் தெரிகிறது, ஆனால் புரதம் இங்கே இருக்க, வலை எங்கோ தள்ளி நிற்கிறது என்பது இன்னொரு புகார். படிகத்தில் ஒரே அடிப்படை அலகு சமச்சீர் விதிப்படி திரும்பத் திரும்ப வரும். எனவே மேப் கோப்பில் எல்லா இடத்துக்கும் எண் இருக்காது. ஓர் அலகுக்கு இருந்தால் போதும், மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மாதிரியின் அணுக்கள் அந்தப் பெட்டிக்கு வெளியே அமர்ந்திருந்தால் அவற்றைச் சுற்றி வலை வராது. கூட் இதைத் தானாகவே நீட்டிக் காட்டிவிடும். பைமாலில் 'மேப் ஆட்டோ எக்ஸ்பேண்ட் சிம்' என்ற அமைப்பை இயக்கிவிட்டு வலையைப் போட வேண்டும். கூட்டிலும் ஒரு விஷயம் உண்டு: பார்வையின் மையத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட ஆரத்துக்குள் மட்டும் வலை காட்டும். அதற்கு அப்பால் புரதம் வெறுமையாகத் தெரிந்தால் அங்கே மேப் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மையத்தை அங்கே நகர்த்தினால் வலையும் கூடவே வரும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மேப் வராத ஒரு வகை உண்டு. மேப்பே கிடையாது! உலகப் புரதத் தரவகம் 1971-இல் தொடங்கியது. சோதனையில் கிடைத்த சிதறல் தரவையும் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி 2008-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பல பதிவுகளில் அணுக்களின் ஆயத்தொலைவுகள் மட்டுமே இருக்கும். மேப் கணக்கிட எதுவும் இருக்காது. எக்ஸ் கதிர் இல்லாமல் காந்தப்புலத்தைக் கொண்டு ஆராயும் என்எம்ஆர் முறையில் கண்டறிந்த புரத அமைப்புக்கு எலக்ட்ரான் அடர்த்தி மேப் என்ற பேச்சே இல்லை. இப்போது புதிதாக ஒன்று: ஆல்ஃபாஃபோல்டு. 2024-இன் வேதியியல் நோபலில் பங்கு பெற்ற கண்டுபிடிப்பு, அருமையான கருவி, மறுப்பில்லை. ஆனால் அது கணினி முன்கணித்த வடிவம். அதற்கு மேப் தேடி ஒரு மாணவி மதிய உணவு இடைவேளை முழுவதும் உட்கார்ந்திருந்தார். பதிவின் முதல் பக்கத்தில், எந்த முறையில் கண்டறியப்பட்டது என்ற வரியைப் படிக்கும் பழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் உண்மையான குறை இதில்தான் இருக்கிறது. நான் பார்த்த செய்முறைக் கையேடு ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் பிரதி, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் நடத்திவந்த மேப் சர்வரிலிருந்து கோப்பை எடுக்கும்படி அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சேவை நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பணியை ஐரோப்பியப் புரதத் தரவகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பைமாலின் பழைய பதிப்புகளும் இன்னும் அந்தப் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும், பதில் வராது. புதிய பதிப்பைப் போட்டால் ஒரே கட்டளையில் மேப் இறங்கிவிடும். நிர்வாகத்திடம் சொன்னால், பாடத்திட்டம் மாறும்போது கையேடும் மாறும் என்கிறார்கள். அதுவரை ஒவ்வொரு மாணவரும் இல்லாத சர்வரைத் தேடி, கிடைக்காமல், இணையம் மெதுவாக இருக்கிறது என்றோ மடிக்கணினி போதவில்லை என்றோ நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கடைக்காரர் வரைக்கும் ஒரு மாணவி போக நேர்ந்தது எப்படி என்று எனக்குப் புரிகிறது.

அதே கையேட்டில் இன்னொன்று. 'கார்வ்' என்று ஒரு வசதி பைமாலில் இருக்கிறது. தேர்ந்தெடுத்த அணுக்களிலிருந்து இத்தனை ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்துக்குள் இருக்கும் வலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிவது. படம் துப்புரவாக இருக்கும், ரெக்கார்டில் ஒட்ட அழகாக இருக்கும், வெளித் தேர்வாளரும் டிக் அடித்துவிடுவார். ஆனால் அந்தத் தூரத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சிக்மாவையும் தாழ்த்திவிட்டால், வெறும் இரைச்சலும் மருந்து மூலக்கூறுக்கு அளவெடுத்துத் தைத்த உடுப்பு மாதிரி தெரியும். மருந்து அந்தப் புரதத்தில் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று அந்தப் படம் சொல்லாது. முதலில் கார்வ் இல்லாமல் பார்க்க வேண்டும், சிக்மாவை ஏற்றிப் பார்க்க வேண்டும், வேறுபாட்டு மேப்பையும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ மருந்து நிறுவனங்களில் உட்காரப் போகிறவர்கள். கையேடு அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது படத்தை அழகாக்கும் வித்தையை.

சில இடங்களில் வலை வராமல் இருப்பதே சரியான விடை. புரதச் சங்கிலியின் இரு முனைகளும், வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலிகளும், சில வளைவுகளும் படிகத்துக்குள் ஒரே நிலையில் நிற்பதில்லை. கோடிக்கணக்கான பிரதிகளின் சராசரிதான் மேப் என்பதால் அசைந்துகொண்டே இருப்பவை கரைந்துபோகும். அங்கே மாதிரியில் அணுக்கள் வரையப்பட்டிருந்தாலும் அவற்றைச் சுற்றி வலை இருக்காது. ஒரு மாணவர் எல்லா அமைப்புகளையும் சரிபார்த்துவிட்டு, "மேடம், இந்த ஆர்ஜினினுக்கு மட்டும் வரவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், வரவில்லை என்று ரெக்கார்டில் எழுது என்றேன். மதிப்பெண் குறையுமே என்று தயங்கினார். குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. எழுதினார் என்பது தெரியும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். பிப்ரவரி 28 அறிவியல் நாள் என்றால் கடலூர்ப் பள்ளிகளில் அவர் படத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் வண்ண வண்ண நாடாக்களாக, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம். 2000-இல் அவருடைய குழு வெளியிட்ட 30எஸ் என்ற ரைபோசோம் துணை அலகின் பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்ற அளவு, 3 ஆங்ஸ்ட்ராம். அந்த அளவில் ஒவ்வோர் அணுவும் தனித்தனியாகத் தெரியாது. உப்பிய குழாய்களும் குமிழ்களும்தான் தெரியும். அவற்றுக்குள் எந்த நியூக்ளியோடைடு எப்படித் திரும்பி அமர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வைத்ததன் விளைவே அந்த நாடாப் படம். நாடாவை மட்டும் காட்டிவிட்டு அதன் அடியில் இருந்த வலையைக் காட்டாமல் விடுவது, அவருக்கு நாம் செய்யும் மரியாதையில் பாதிதான். 1.5 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நுட்பமான மேப் ஒன்றை எடுத்து, ஃபீனைலாலனின் வளையத்தின் நடுவில் துளை தெரிவதைக் காட்டிவிட்டு, அடுத்து 3 ஆங்ஸ்ட்ராம் மேப்பைக் காட்டினால் பிரிதிறன் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். இதைப் பழைய கணினியிலேயே செய்யலாம்.

ஜான் கெண்ட்ரூ 1950-களின் இறுதியில் மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் அமைப்பைக் கண்டபோது கிராஃபிக்ஸ் கார்டு என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. ஓர் அறை அளவுக்குச் செங்குத்தான கம்பிகளைக் காடு போல நட்டு, அடர்த்திக்குத் தகுந்த நிறத்தில் கிளிப்புகளை மாட்டி, அதற்குள் கை விட்டு மாதிரியைக் கட்டினார்கள். கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தத் தந்தை சொன்னதில் நியாயம் உள்ள இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரையோ மேப்புகள் பெரியவை. ஒவ்வொரு பக்கத்திலும் 400 புள்ளி என்றால் மொத்தம் 6 கோடியே 40 லட்சம் எண்கள். எண்ணுக்கு 4 பைட் வீதம் 256 மெகாபைட். 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி அதை வைத்துக்கொண்டு திணறும். அப்போதும் கைமிராஎக்ஸில் ஒன்று விட்டு ஒரு புள்ளியை மட்டும் எடுக்கச் சொன்னால் சுமை எட்டில் ஒரு பங்காகக் குறையும். முழுப் புரதத்துக்கும் வலை போடாமல், பார்க்க வேண்டிய இடத்தைச் சுற்றி மட்டும் போட்டாலும் சுழற்றும்போது படம் தடுக்காது. அதன் பிறகும் போதவில்லை என்றால் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். புது மடிக்கணினியை விட அது மலிவு. வீட்டிலிருந்து கல்லூரிக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கிப் பைமாலைத் திறப்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை வரும், முப்பரிமாணப் படம் அந்த வழியில் சரியாக வராமல் போகலாம். அதற்கும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது தீர்வாகாது. மென்பொருளைத் தம் கணினியிலேயே நிறுவிக்கொள்வதுதான் எளிது.

கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையேட்டை மாற்றுவதற்குப் பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நின்றுபோன சர்வரின் முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவது ஒரு மாலை வேலை. கட்டளைகளுக்கான விளக்கத்தைத் தமிழில் இரண்டு பக்கம் சேர்த்தால் இன்னும் நல்லது. பேராசிரியர்கள் திருத்திக் கொடுப்பார்கள் என்றால் நானே எழுதித் தருகிறேன். ரெக்கார்டில் படத்தோடு சிக்மா அளவையும் கார்வ் தூரத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்று வெளித் தேர்வாளர்கள் கேட்கத் தொடங்கினால் அடுத்த பருவத்திலேயே எல்லாரும் எழுதுவார்கள்.

பண்ருட்டி அண்ணாச்சிக்கு ஒன்று. மகளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அவர் வைத்திருப்பது வெறும் டச்பேடு என்றால், அதில் கூட்டையும் பைமாலையும் இயக்குவது பெரும் பாடு. இவையெல்லாம் மூன்று பொத்தான் மவுஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சக்கரம் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று, கம்பி வைத்ததே போதும், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் மேப் வரவில்லை என்றால் எந்தப் பதிவு, எந்த மென்பொருள், என்ன சிக்மா என்று எழுதி இந்தப் பத்திரிகைக்கே அனுப்பட்டும். நான் படித்துப் பதில் எழுதுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு கணினி ஆய்வகப் பொறுப்பாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

(வேலை பார்க்கும் இடத்தைக் குறை சொல்லியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)